நேற்று படித்த கதையைத் திருத்தலாமா? சூப்பர்ஹீரோ காமிக்ஸின் இருண்ட மறுஆக்கங்களும் வாசகர் கோபமும்

2016 மே 25, புதன்கிழமை. அமெரிக்காவின் காமிக்ஸ் கடைகளில் அன்று வந்து இறங்கிய கட்டுகளில் இரண்டு இதழ்கள் இருந்தன. ஒன்று, மார்வெல் வெளியிட்ட ‘கேப்டன் அமெரிக்கா: ஸ்டீவ் ராஜர்ஸ்’ தொடரின் முதல் இதழ். 1941 மார்ச் என்று தேதியிட்டு வந்த தன் முதல் அட்டையிலேயே ஹிட்லரின் முகத்தில் குத்துவிட்ட நாயகன், இந்த இதழின் கடைசிப் பக்கத்தில் தன்னை ஹைட்ராவின் ஆளாக அறிவித்துக்கொள்கிறான். ஹைட்ரா, மார்வெல் உலகில் நாஜிகளோடு பின்னிப் பிணைந்த பாசிச அமைப்பு. மற்றொன்று, டிசி நிறுவனத்தின் 80 பக்க ‘டிசி யுனிவர்ஸ்: ரீபர்த்’. தன் கதையுலகம் அன்பையும் நம்பிக்கையையும் தொலைத்துவிட்டது என்று அந்நிறுவனமே கதைக்குள் ஒப்புக்கொண்டது. பழி, ‘வாட்ச்மென்’ கதையின் நீல மனிதன் டாக்டர் மன்ஹாட்டனைச் சேரும்படி குறிப்புகளை வைத்துக் கதை முடிந்தது.

ஒரு நிறுவனம் இருட்டுக்குள் காலெடுத்து வைத்த நாளில் இன்னொன்று இருட்டுக்காகக் கிட்டத்தட்ட மன்னிப்புக் கேட்டது.

பல பத்தாண்டுகளாகப் பழகிய ஒரு சூப்பர்ஹீரோவை இருண்ட வடிவில் மாற்றி எழுதும்போது வாசகர் ஏன் இவ்வளவு கொதிக்கிறார்? இதற்கு வழக்கமாக மூன்று விடைகள் சொல்லப்படுகின்றன. ஒன்று, ஏக்கம்: சிறுவயதில் படித்தது அப்படியே இருக்க வேண்டும் என்று வளர்ந்தவர்கள் அடம்பிடிக்கிறார்கள். இரண்டு, வணிகம்: அதிர்ச்சியை விற்றுக் காசாக்கும் நிறுவனங்கள்மேல் வரும் இயல்பான எரிச்சல் அது. மூன்று, அறம்: இந்தக் கதைகளில் பெண்கள்மீது நிகழும் வன்முறைக்கான எதிர்ப்பு. மூன்றிலும் உண்மை உண்டு. ஆனால், எந்த இருண்ட கதையை வாசகர்கள் கொண்டாடினார்கள், எதை வெறுத்தார்கள் என்று வரிசைப்படுத்திப் பார்த்தால், மூன்றும் பாதி வழியில் நின்றுவிடுகின்றன.

இக்கட்டுரை முன்வைக்கும் வாதம் வேறு. இருட்டு எவ்வளவு அடர்த்தியானது என்பதைவிட, அது எந்தக் காலத்தின்மேல் விழுகிறது என்பதே கோபத்தைத் தீர்மானிக்கிறது. எதிர்காலத்தில் நடப்பதாகவோ மாற்று உலகில் நடப்பதாகவோ சொல்லப்படும் இருண்ட கதையை வாசகர் பெரும்பாலும் ஏற்கிறார். ஏற்கெனவே படித்து முடித்த கதைகளுக்குள் பின்னோக்கிப் புகுந்து, ‘அன்று நீ பார்த்தது உண்மையல்ல’ என்று சொல்லும் கதையைத்தான் அவரால் பொறுக்க முடிவதில்லை. கேப்டன் அமெரிக்கா விவகாரமும் இந்த வகைதான். அவன் 2016இல் மனம் மாறி ஹைட்ராவில் சேரவில்லை. வரலாற்றையே திருத்தி எழுதும் ஆற்றல் கொண்ட காஸ்மிக் க்யூபின் விளையாட்டால், சிறுவயதிலிருந்தே அவன் ஹைட்ராவின் பிள்ளை என்றாகிவிட்டது.

பழையது எவ்வளவு பழையது?

‘அந்தக் காலத்து’ சூப்பர்ஹீரோ தூய்மையானவன் என்ற எண்ணத்தை முதலில் சோதித்துவிட வேண்டும். 1938இல் வெளிவந்த ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழில் சூப்பர்மேன் ஆளுநரின் வீட்டுக் கதவை உடைத்துக்கொண்டு நுழைகிறான். மனைவியை அடிப்பவனைச் சுவரில் எறிகிறான். ஊழல் தரகனைத் தூக்கிக்கொண்டு மின்கம்பிகளின்மேல் ஓடி நடுங்க வைக்கிறான். 1939இல் அறிமுகமான பேட்மேன் தன் முதல் கதையிலேயே குற்றவாளி அமிலத் தொட்டியில் விழுந்து சாவதைப் பார்த்துக் கொஞ்சமும் வருந்துவதில்லை. அடுத்த ஆண்டு, விமானத்திலிருந்து இயந்திரத் துப்பாக்கியால் சுடவும் செய்கிறான். பேட்மேன் கொல்ல மாட்டான் என்ற விதி அதன் பிறகு பதிப்பாசிரியர்கள் வகுத்தது.

1954இல் மனநல மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்தாம், காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று எழுதிய நூலும், அதே ஆண்டு நடந்த செனட் விசாரணையும் பதிப்பாளர்களை அச்சுறுத்தின. அவர்கள் தாங்களாகவே ஒரு தணிக்கை விதித்தொகுப்பை ஏற்படுத்திக்கொண்டார்கள். இன்று ‘செவ்வியல்’ என்று கொண்டாடப்படும் வெளிச்சமான உலகத்தில் பெரும்பகுதி இந்த விதித்தொகுப்பின் நிழலில் வளர்ந்தது.

இன்னொரு சான்று மேலும் சங்கடமானது. 1966இல் வந்த பேட்மேன் தொலைக்காட்சித் தொடர் நாடு முழுக்க விழுந்து விழுந்து சிரித்துப் பார்த்த வெற்றித் தொடர். தீவிரக் காமிக்ஸ் வாசகர்களில் பலருக்கோ அது அவமானமாகப் பட்டது. 1970 தொடங்கி எழுத்தாளர் டென்னி ஓநீலும் ஓவியர் நீல் ஆடம்ஸும் பேட்மேனை மறுபடி இரவுக்குள் கொண்டுபோனபோது, அந்த வாசகர்கள் அதை வீடு திரும்பியதாகவே வரவேற்றார்கள். வில் புரூக்கர் 2012இல் எழுதிய நூலில் இதைக் கூர்மையாகக் கவனிக்கிறார். வண்ணமயமான, கேலியான பேட்மேனைத் தொடர்ந்து ஒடுக்கி மறைத்தால்தான் இருண்ட பேட்மேனே உண்மையானவன் என்ற நம்பிக்கை நிற்க முடியும் என்பது அவர் வாதம். ஆக, வாசகர் எப்போதும் வெளிச்சத்தின் பக்கம் நிற்பவர் என்ற கூற்று வரலாற்றின் முன் நிற்காது.

ஜியார்டானோ மறுத்தது

1980களில் இருட்டு பெருகியதற்குப் படைப்புக் காரணம் ஒன்று, சந்தைக் காரணம் ஒன்று. ஃபில் சூலிங் 1970களின் தொடக்கத்தில் வகுத்த நேரடி விற்பனை முறையால், பெட்டிக்கடைகளிலும் மருந்துக்கடைகளிலும் விற்ற காமிக்ஸ் மெல்லத் தனிச் சிறப்புக் கடைகளுக்கு நகர்ந்தது. விற்காத பிரதிகளைத் திருப்பியனுப்ப முடியாது. பதிலாகக் கழிவு கூடுதல். கடைக்கு வருபவர் தற்செயலாக வந்த சிறுவன் அல்லர், வாராவாரம் வரும் இளைஞர். தணிக்கை முத்திரை இல்லாமலும் விற்கலாம். வயது வந்தோருக்கான கதைக்கு அங்கே இடம் இருந்தது.

அந்த இடத்தில்தான் 1986இல் ஃபிராங்க் மில்லரின் ‘தி டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்’ கதையும், ஆலன் மூர் எழுதி டேவ் கிப்பன்ஸ் வரைந்த ‘வாட்ச்மென்’ தொடரும் வந்தன. இரண்டும் இருண்டவை, இரண்டும் கொண்டாடப்பட்டவை. ஜெஃப் கிளாக், 2002இல் வெளிவந்த தன் நூலில், இலக்கிய விமர்சகர் ஹரால்ட் புளூமின் கோட்பாட்டைக் கையிலெடுத்து, முன்னோடிகளின் பாரத்தோடு மல்லுக்கட்டி அவர்களை மாற்றிப் படிப்பதே சூப்பர்ஹீரோ வடிவத்தை உயிர்ப்பிக்கும் ஆற்றல் என்கிறார். அவர் பார்வையில் மறுஆக்கம் துரோகமல்ல, வாரிசுரிமை. படைப்பாளியின் பக்கத்திலிருந்து பார்த்தால் இது வலுவான விளக்கம். ஆனால் வாசகர் எதை ஏற்றார், எதை மறுத்தார் என்பதற்கு இதில் விடை இல்லை.

விடை, ‘வாட்ச்மென்’ உருவான விதத்திலேயே இருக்கிறது. மூரின் முதல் திட்டத்தில் இருந்தவர்கள் வேறு ஆட்கள். டிசி 1983இல் சார்ல்டன் நிறுவனத்திடமிருந்து வாங்கியிருந்த ப்ளூ பீட்டில், கேப்டன் ஆட்டம், தி குவெஸ்டின் முதலிய பாத்திரங்களை வைத்தே அவர் கதையை வகுத்தார். நிர்வாகப் பதிப்பாசிரியர் டிக் ஜியார்டானோ முன்பு சார்ல்டனில் இருந்தவர். அந்தப் பாத்திரங்களை அறிந்தவர். கதை முடிவதற்குள் அவர்கள் செத்திருப்பார்கள் அல்லது இனி பயன்படுத்தவே முடியாதபடி சிதைந்திருப்பார்கள் என்று கண்டு, புதிய பாத்திரங்களைப் படைத்துக்கொள்ளச் சொன்னார். ப்ளூ பீட்டில் நைட் அவுல் ஆனார். குவெஸ்டின் ரோர்ஷாக் ஆனார். மூர் தன் இருட்டைத் தன் சொந்த நிலத்தில் விளைவித்தார். எந்த வாசகரின் பழைய இதழும் அதனால் கறைபடவில்லை. மில்லரும் தன் கிழட்டு பேட்மேனை எதிர்காலத்தில் நிறுத்தினார். அது வரலாம், வராமலும் போகலாம்.

மூர் பின்னாளில் பல பேட்டிகளில், தன் படைப்பின் கதைநுட்பத்தை விட்டுவிட்டு வன்முறையை மட்டும் மற்றவர்கள் எடுத்துக்கொண்டதாக வருந்தியிருக்கிறார். 1990களில் ‘சுப்ரீம்’, ‘டாம் ஸ்ட்ராங்’ என்று அவரே வெளிச்சமான நாயகர்களிடம் திரும்பியதும் தற்செயல் அல்ல.

மூன்று இதழ்களில் 35 ஆண்டுகள்

ஹால் ஜோர்டன் என்ற கிரீன் லேண்டர்ன் 1959இல் அறிமுகமானவன். அஞ்சாத விமானி, பச்சை மோதிரத்தால் நினைத்ததை உருவாக்கும் விண்வெளிக் காவலன். 1990களின் தொடக்கத்தில் அவன் இதழின் விற்பனை சரிந்திருந்தது. ஜெரார்ட் ஜோன்ஸ் எழுதவிருந்த வேறொரு கதையைக் கைவிட்ட டிசி, ரான் மார்ஸிடம் புதிய பணியை ஒப்படைத்தது. 1994இல் 48, 49, 50ஆம் இதழ்களில் ‘எமரால்ட் ட்வைலைட்’ வந்தது.

அதில் நடப்பது இதுதான். ஹாலின் ஊரான கோஸ்ட் சிட்டி, மக்களோடு சேர்த்து அழிக்கப்பட்டிருக்கிறது. அவன் மோதிரத்தின் சக்தியால் ஊரையும், இறந்த தந்தையையும்கூட ஒளியில் கட்டி எழுப்புகிறான். சக்தி தீர்ந்ததும் எல்லாம் கரைந்துபோகின்றன. அந்த இடம் வரை கதை நெகிழ வைக்கிறது. பிறகு, அவனை எச்சரிக்கும் மேலிடத்தை நோக்கி வெறியோடு பறக்கிறான், வழியில் வரும் சக காவலர்களை வீழ்த்தி மோதிரங்களைப் பறிக்கிறான், நண்பன் கிலோவாக்கைக் கொல்கிறான், வில்லனாகிறான். 50ஆம் இதழின் முடிவில் கைல் ரெய்னர் என்ற இளைஞனின் கையில் ஒரே ஒரு மோதிரம் மிஞ்சுகிறது.

ரசிகர்கள் கடிதம் எழுதியதோடு நிற்கவில்லை. ஹால் ஜோர்டனை மீட்பதற்கென்றே ‘ஹீட்’ என்ற பெயரில் அமைப்பைத் தொடங்கினார்கள். ஹால் உயிரோடும் நற்பெயரோடும் திரும்ப வேண்டும், காவலர் படையும் திரும்ப வேண்டும் என்பது கோரிக்கை. பல ஆண்டுகள் நீடித்த இயக்கம் அது. இங்கே ஒரு ஐயம் எழலாம்: இந்தக் கதை பின்னோக்கிப் போகவில்லையே? உண்மைதான், ஹாலின் வீழ்ச்சி நிகழ்காலத்தில் நடக்கிறது. ஆனால் எழுதப்பட்ட அவசரத்தால் அது பின்னோக்கியும் வேலை செய்தது. தங்கள் அன்புக்குரியவனின் 35 ஆண்டு இயல்பு மூன்று மாதத்தில் உதிரக்கூடிய முலாம்தான் என்று கதை சொல்லாமல் சொல்லிற்று. மெதுவாக ஓராண்டு எழுதப்பட்டிருந்தால் இதே வீழ்ச்சியை ஏற்றிருக்கக்கூடிய வாசகர்கள் பலர் இருந்திருப்பார்கள் என்றே இக்கட்டுரை கருதுகிறது.

அதே 1994இல், 54ஆம் இதழில் கைல் ரெய்னரின் காதலி அலெக்ஸாண்ட்ரா கொல்லப்பட்டு, உடல் குளிர்பதனப் பெட்டிக்குள் திணிக்கப்பட்டது. அப்போது சிகை அலங்காரத் தொழில் செய்துகொண்டிருந்த வாசகி கெயில் சிமோன் 1999இல், ஆண் நாயகர்களைத் துயரப்பட வைப்பதற்காக மட்டும் கொல்லப்பட்ட, சிதைக்கப்பட்ட, சக்தி பறிக்கப்பட்ட பெண் பாத்திரங்களின் நீண்ட பட்டியல் ஒன்றைத் தொகுத்து, படைப்பாளிகளிடம் விளக்கம் கேட்டார். அதன் தலைப்பு இந்தக் குளிர்பதனப் பெட்டியிலிருந்து பிறந்தது. ரசிகர் கோபம் விமர்சனமாக முதிர்ந்த இடம் அது. சிமோன் பின்னர் தானே காமிக்ஸ் எழுத்தாளரானார்.

சூ டிப்னிக்கு நேர்ந்தது

இந்த விவாதத்தின் நடுப்புள்ளி 2004இல் வந்த ‘ஐடென்டிட்டி க்ரைசிஸ்’. எழுதியவர் திரில்லர் நாவலாசிரியர் பிராட் மெல்ட்சர். வரைந்தவர் ராக்ஸ் மொராலெஸ். ஏழு இதழ்கள், விற்பனைப் பட்டியலின் உச்சியில் இருந்த தொடர்.

ரால்ஃப் டிப்னி, உடலை ரப்பர்போல் நீட்டக்கூடிய நாயகன், 1960இல் பிறந்த பாத்திரம். மர்மம் ஏதேனும் அருகில் இருந்தால் அவன் மூக்கு துடிக்கும். மனைவி சூ, அவன் முகமூடி இல்லாமலே ஊரறிய வாழ்பவன் என்பதால், எங்கும் அவனோடு போவாள். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் கணவனுக்கு அவள் தரும் பரிசு, அவன் துப்புத் துலக்க ஒரு புதிர். சூப்பர்ஹீரோ உலகில் மகிழ்ச்சியான தம்பதி என்று விரல்விட்டு எண்ணினால் முதலில் வருபவர்கள் இவர்கள்தான்.

மெல்ட்சரின் கதை சூவின் கொலையோடு தொடங்குகிறது. அவள் கருவுற்றிருக்கிறாள், உடல் எரிக்கப்பட்டிருக்கிறது. இந்த அளவில் நின்றிருந்தால் இதுவும் துயரமான ஒரு கொலைக்கதை. ஆனால் கதை பல ஆண்டுகள் பின்னால் போகிறது. நாயகர் சங்கத்தின் விண்வெளி நிலையத்தில், 1970களின் அந்தக் குதூகலமான கதைகள் நடந்த அதே இடத்தில், டாக்டர் லைட் என்ற வில்லன் சூவைப் பாலியல் வன்கொடுமை செய்தான் என்கிறது. அதைக் கண்ட நாயகர்களில் சிலர் வாக்கெடுத்து, சடானா என்ற நாயகியின் மந்திரத்தால் அவன் நினைவையும் இயல்பையும் மாற்றினார்கள். தடுக்க வந்த பேட்மேனின் நினைவையும் அழித்தார்கள்.

இதன் நுணுக்கம் கவனிக்கத் தக்கது. டாக்டர் லைட் 1980களின் கதைகளில் கோமாளி வில்லன். பதின்வயது நாயகர்களிடமும் உதைபட்டு வாசகரைச் சிரிக்க வைத்தவன். அவன் ஏன் அப்படி ஆனான் என்பதற்கு மெல்ட்சர் இப்போது காரணம் தருகிறார்: மூளையில் செய்யப்பட்ட மந்திர வேலையின் விளைவு. கதைக்கட்டமைப்பு என்ற அளவில் இது சாமர்த்தியம். அந்தப் பழைய இதழ்களை வைத்திருக்கும் வாசகருக்கோ, அன்று சிரித்த ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில் ஒரு வன்கொடுமையும் அதை மூடிமறைத்த நாயகர்களும் இருப்பதாக அறிவிக்கப்படுகிறது. குடும்பப் புகைப்படத் தொகுப்பை யாரோ இரவோடிரவாக எடுத்துப்போய், ஒவ்வொரு படத்தின் பின்புறமும் குற்றப் பத்திரிகை எழுதி வைத்ததற்கு ஒப்பானது இது.

அற விமர்சனம் இங்கே கால விமர்சனத்தோடு சேர்ந்துகொள்கிறது. சூவுக்கு நேர்ந்ததைப் பற்றிய கதையில் சூவின் குரல் ஏறக்குறைய இல்லை. அவள் துன்பம் ஆண்களின் குற்றவுணர்வுக்கும் அவர்களிடையே வந்த பிளவுக்கும் காரணமாக மட்டும் பயன்படுகிறது. கடைசியில் கொலையாளி வில்லன் அல்ல, இன்னொரு நாயகனின் முன்னாள் மனைவி ஜீன் லோரிங் என்று தெரிகிறது. 1960களிலிருந்து தொடரும் இன்னொரு பெண் பாத்திரமும் அதோடு தொலைந்தது. மெல்ட்சரின் ஆதரவாளர்கள், பழைய நாயகர்களின் ரகசியங்களைக் காக்க யாராவது இப்படி ஏதேனும் செய்திருக்கத்தானே வேண்டும் என்று வாதிடுவதுண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் அதைக் கேட்க வன்கொடுமை தேவைப்படவில்லை.

அதே காலத்தில் மார்வெலும் இதே வழியில் போனது. ‘சின்ஸ் பாஸ்ட்’ என்ற 2004ஆம் ஆண்டுக் கதை, ஸ்பைடர்மேனின் இறந்துபோன காதலி க்வென் ஸ்டேசிக்கு, அவளைக் கொன்ற நார்மன் ஆஸ்போர்னோடு உறவிருந்தது, இரட்டைக் குழந்தைகள் பிறந்தன என்று புதிய முற்கதையை நுழைத்தது. அக்கதையை இன்றும் விரும்புவதாகச் சொல்லும் வாசகரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

எதிர்ச்சான்றுகள்

க்வென் ஸ்டேசியே இந்த வாதத்துக்கு முதல் சோதனை. 1973 ஜூன் தேதியிட்ட 121ஆம் இதழில் அவள் இறந்தபோதும் கோபமான கடிதங்கள் குவிந்தன. ஆனால் காலம் செல்லச் செல்ல அது மிகச் சிறந்த ஸ்பைடர்மேன் கதைகளில் ஒன்றாக ஏற்கப்பட்டது. அந்த மரணம் முன்னால் இருந்த எதையும் பொய்யாக்கவில்லை; முந்தைய காதல் கதைகளுக்குக் கனம் கூட்டியது. 31 ஆண்டுகளுக்குப் பின் வந்த முற்கதைத் திருத்தமோ அந்தக் காதலையே களங்கப்படுத்தியது. ஒரே பெண் பாத்திரம், இரு இருண்ட கதைகள், இரு எதிரெதிர் தீர்ப்புகள்.

இரண்டாவது சோதனை கடினமானது. எட் புரூபேக்கர் 2005இல் எழுதத் தொடங்கிய கேப்டன் அமெரிக்கா தொடர், 1945இல் இறந்ததாக 1964 முதல் சொல்லப்பட்டுவந்த, கேப்டனின் துணைவனான சிறுவன் பக்கியை உயிரோடு கொண்டுவந்தது. சோவியத் உளவாளிகள் அவனைக் கொலையாளியாக மாற்றியிருந்தார்கள். போர்க்காலத்தில்கூட அவன் வெளியில் சொல்லக்கூடாத கொலைகளைச் செய்யவே பயிற்றப்பட்டவன் என்றும் கதை திருத்தியது. இது அப்பட்டமான முற்கதைத் திருத்தம், இருண்டதும்கூட. ஆனாலும் வாசகர்கள் இதைத் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள், திரைப்படமாகவும் வந்தது. அப்படியானால் வாதம் உடைகிறதா? உடையவில்லை, திருத்தப்பட வேண்டியிருக்கிறது. வண்ண உடையில் ஒரு சிறுவன் போர்முனையில் என்ன செய்துகொண்டிருந்தான் என்பது வாசகர் மனத்தில் நெடுநாள் இருந்த நெருடல். புரூபேக்கர் அதற்கு விடை சொன்னார். ஸ்டீவுக்கும் பக்கிக்கும் இடையிலான நட்பை அவர் தொடவில்லை. அந்த நட்பே பக்கியை மீட்கும் கயிறாகிறது. ஆகவே, பின்னோக்கிய திருத்தம் எல்லாமே வெறுக்கப்படுவதில்லை. வாசகர் நேசித்ததை ஏமாற்று என்று அறிவிக்கும் திருத்தமே வெறுக்கப்படுகிறது.

மூன்றாவது, வாசகரே இருட்டைக் கேட்டு வாங்கிய நிகழ்வு. 1988இல் பேட்மேனின் இரண்டாவது ராபினான ஜேசன் டாட் பிழைக்க வேண்டுமா சாக வேண்டுமா என்று டிசி தொலைபேசி வாக்கெடுப்பு நடத்தியது. ஓர் அழைப்புக்கு 50 சென்ட். சாகட்டும் என்று 5,343 அழைப்புகள். பிழைக்கட்டும் என்று 5,271. 72 அழைப்புகள் வித்தியாசத்தில் சிறுவன் செத்தான். ஒரே ஆள் கணினி வைத்துத் திரும்பத் திரும்ப அழைத்ததாகத் தான் கேள்விப்பட்டதாகப் பதிப்பாசிரியர் ஓநீல் பின்னாளில் சொன்னார். அது எப்படியாயினும், ரசிகர் கூட்டத்துக்கு ஒரே மனம் என்று பேசுவது எவ்வளவு தவறு என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

தமிழ் வாசகருக்கு நெருக்கமான உதாரணம் ஒன்றும் உண்டு. சிவகாசியிலிருந்து 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸ் வழியே தமிழ்நாட்டின் செல்லப்பிள்ளையான இரும்புக்கை மாயாவியும், 1984 முதல் லயன் காமிக்ஸ் கொண்டுவந்த ஸ்பைடரும் 1960களின் பிரிட்டிஷ் வார இதழ்களில் பிறந்தவர்கள். இருவருமே தொடக்கத்தில் குற்றவாளிகள் என்பதை மாயாவி ரசிகர்கள் அறிவார்கள். சூப்பர்மேனைப் படைத்த ஜெர்ரி சீகலே ஸ்பைடர் கதைகள் பலவற்றை எழுதினார் என்பது அவ்வளவாகத் தெரிந்த செய்தி அல்ல. 2005-06இல் ஆலன் மூர் கதைத்திட்டம் வகுக்க, அவர் மகள் லியா மூரும் ஜான் ரெப்பியனும் எழுதிய ‘ஆல்பியன்’ என்ற ஆறு இதழ்த் தொடர், இந்தப் பழைய பிரிட்டிஷ் பாத்திரங்களை அரசாங்கத்தின் ரகசியச் சிறையில் அடைபட்டவர்களாகக் காட்டியது. கசப்பான கற்பனை. ஆனால் அது பழைய கதைகளில் ஒரு வரியையும் மாற்றவில்லை. சிவகாசி மறுபதிப்புகளில் மாயாவி இன்றும் மின்சாரம் பாய்ந்ததும் மறைகிறார், கை மட்டும் தெரிகிறது.

கோபத்தையே வில்லனாக்குவது

உம்பர்த்தோ எக்கோ 1962இல் சூப்பர்மேனைப் பற்றி எழுதிய கட்டுரை இந்தச் சிக்கலின் வேரைத் தொட்டது. தொன்ம நாயகனின் கதை முடிந்த கதை. நாவல் நாயகனின் கதை முன்னே நகரும் கதை. சூப்பர்மேன் இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டவன். திரும்பப் பெற முடியாத எதையாவது அவன் செய்தால் மரணத்தை நோக்கி ஓரடி வைத்தவனாவான். எனவே, நேற்று எது, இன்று எது என்று தெளிவில்லாத கனவுக் காலத்தில் அவன் கதைகள் நடக்கின்றன என்றார் எக்கோ. அவர் எழுதியபோது அது சரி. ஆனால் அதே பத்தாண்டில் மார்வெல் கதைகள் ஒன்றையொன்று நினைவில் வைத்துக்கொள்ளத் தொடங்கின, டிசியும் பின்தொடர்ந்தது. கனவுக் காலம் போய் வரலாறு வந்தது. நாயகனுக்கு மூப்பு கிடையாது, முடிவு கிடையாது, ஆனால் கடந்தகாலம் மட்டும் ஆண்டுக்கு ஆண்டு பெருகுகிறது. புதிதாக எதையும் நிரந்தரமாகச் செய்ய முடியாத எழுத்தாளருக்குக் கைவைக்கக் கிடைப்பது அந்தக் கடந்தகாலம்தான்.

அந்த எழுத்தாளரும் வெளியாள் அல்லர். 1970இல் பிறந்த மெல்ட்சர், விண்வெளி நிலையக் காலத்துக் கதைகளைப் படித்து வளர்ந்தவர். டிசியின் இன்னொரு எழுத்தாளரான ஜெஃப் ஜான்ஸும் அப்படியே. சிறுவயதுக் காதலை வயது வந்தோர் மதிக்கும்படி செய்ய வேண்டும் என்ற ஆசை அவர்கள் பேனாவில் இருந்தது. அந்த வகையில் இது நிறுவனத்துக்கும் ரசிகருக்கும் நடந்த சண்டை மட்டுமன்று. பேனா கிடைத்த ரசிகருக்கும் கிடைக்காத ரசிகருக்கும் நடந்த சண்டையும்கூட.

2005 மார்ச்சில் ஒரு டாலர் விலையில் 80 பக்கமாக வந்த ‘கவுன்ட்டவுன் டு இன்ஃபினிட் க்ரைசிஸ்’ இதை நன்றாகக் காட்டுகிறது. ஜியார்டானோ 20 ஆண்டுகளுக்கு முன் காப்பாற்றிய அதே ப்ளூ பீட்டில் அதன் நாயகன். ஏதோ சதி நடப்பதை உணர்ந்து ஒவ்வொரு பெரிய நாயகனாகத் தேடிப்போய்ச் சொல்கிறான். யாரும் பொருட்படுத்தவில்லை. கடைசியில், 1987 முதல் நகைச்சுவைத் தொடரொன்றில் அவனோடு கூடிக் கும்மாளமடித்த மேக்ஸ்வெல் லார்ட் அவன் தலையில் சுடுகிறான். மேக்ஸ்வெல் ஆரம்பத்திலிருந்தே சூப்பர்ஹீரோக்களை வெறுத்தவனாம். பல ஆண்டு நகைச்சுவைக் கதைகளுக்கு மறுபடி ஒரு குற்றப் பத்திரிகை. கதை என்ற அளவில் அது விறுவிறுப்பானது, ப்ளூ பீட்டிலைக் கண்ணியமாகவே சாக வைக்கிறது. கோபம் அதனால் தணியவில்லை.

அடுத்து வந்த ‘இன்ஃபினிட் க்ரைசிஸ்’ இன்னும் விசித்திரம். உலகம் இருண்டுவிட்டது, இந்த நாயகர்கள் கெட்டுவிட்டார்கள், எங்கள் காலத்து உலகமே நல்ல உலகம் என்று புலம்பும் சூப்பர்பாய்-பிரைம் அதில் கொலைகார வில்லன். வாசகரின் புகார் வார்த்தை பிசகாமல் வில்லனின் வாயில் வைக்கப்பட்டது. எழுதியவர் ஜெஃப் ஜான்ஸ். 2016இல் அதே புகாரை நியாயம் என்று ஒப்புக்கொண்டு ‘ரீபர்த்’ எழுதியவரும் அவரே.

ரசிகர் தரப்பையும் முழுக்கத் தூய்மையாகக் காட்ட முடியாது. கேப்டன் அமெரிக்காவை ஹைட்ராவின் ஆளாக்கிய கதைக்காக, அதை எழுதிய நிக் ஸ்பென்சருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. அந்த நாயகனைப் படைத்த ஜோ சைமனும் ஜாக் கிர்பியும் யூதர்கள் என்பதை நினைவூட்டி எழுந்த எதிர்ப்புக்கு அரசியல் நியாயம் இருந்தது. மிரட்டலுக்கு எந்த நியாயமும் இல்லை. ஒரு பாத்திரத்தின் நற்பெயருக்காக உயிருள்ள ஒருவரை அச்சுறுத்துபவர், தான் காக்க வந்த நாயகனிடமிருந்து எதையும் கற்றுக்கொள்ளவில்லை.

திரும்பப் பெறப்பட்டவை

விளைவுகளைப் பார்த்தால், முற்கதையில் கைவைத்த இருண்ட கதைகளே அதிகம் திரும்பப் பெறப்பட்டிருக்கின்றன. ஹால் ஜோர்டன் 2004இல் தொடங்கிய ‘கிரீன் லேண்டர்ன்: ரீபர்த்’ வழியே மீண்டான், அச்சத்தின் உருவான பேரலாக்ஸ் என்ற வேற்றுயிர் அவனைப் பிடித்திருந்ததாக விளக்கம் தரப்பட்டது. ஹைட்ராவின் ஸ்டீவ் 2017இல் உண்மையான ஸ்டீவால் தோற்கடிக்கப்பட்டான். க்வென் ஸ்டேசியின் இரட்டையர் கதையை மார்வெல் 2021இல் ரத்து செய்தது. இதற்கு எதிராக, க்வெனின் மரணம் அப்படியே நிற்கிறது. ‘வாட்ச்மென்’ தொகுப்பு இன்றும் விற்கிறது. நிறுவனங்களுக்குச் சொல்வதற்கு ஒன்றே ஒன்று உண்டு: இருண்ட கதை எழுத விரும்புபவருக்குப் புதிய பாத்திரங்களைக் கொடுங்கள், அல்லது எதிர்காலத்தைக் கொடுங்கள். ஜியார்டானோவின் அன்றைய முடிவு, பாத்திரங்களையும் காத்தது, ஒரு பெரும்படைப்பையும் பிறக்க வைத்தது.

ரால்ஃபும் சூவும் ‘52’ என்ற தொடரின் முடிவில், 2007இல், பேய்த் துப்பறிவாளர்களாகச் சேர்ந்தார்கள். பிறகு டிசி தன் உலகத்தையே புதிதாகத் தொடங்கிவிட்ட நிலையில், 2014இல் ஆரம்பித்த ‘சீக்ரெட் சிக்ஸ்’ தொடரில் இருவரும் உயிரோடு திரும்பி ஒன்று சேர்ந்தார்கள். அந்தத் தொடரை எழுதியவர் கெயில் சிமோன்.